ஒரு கிற்றார், ஒரு குரல்: பழைய ஃபோக் பாட்டுக் கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் யாராவது உண்டா?

வடலிக்காற்று:
வணக்கம். உரும்பிராயில் இருந்து எழுதுகிறேன். நிக் ட்ரேக், ஜோனி மிச்சல், ஜோன் பயஸ், தொடக்க கால பொப் டிலன் என்று ஒரு கிற்றாரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடியவர்களைத்தான் நான் அதிகம் கேட்பது. என் வயதுப் பெடியளிடம் போட்டுக் காட்டினால், "உது என்ன, நித்திரைப் பாட்டு" என்கிறார்கள். போகட்டும்.

எனக்கு ஒரு சிக்கல். அம்மம்மா பாடும் ஒரு தாலாட்டைக் கிற்றாரோடு பதிவு செய்ய ஆசை. ஆனால் டி மைனர், ஜி மைனர், ஏ மேஜர் என்று பல சுரங்களை ஒன்றாக மீட்டும் கோட்ஸ் போட்டவுடனேயே அது சினிமாச் சோகப் பாட்டாக மாறிவிடுகிறது. அம்மம்மாவும் கேட்டுவிட்டு, "வடிவாத்தான் இருக்கு, ஆனா இது ஆற்ற பாட்டு?" என்றார். அந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பழம்பாட்டுகளை எடுத்துப் பாடும்போது பாட்டுக் கெடுவதில்லை. நான் தொட்டால் கெடுகிறது. ஏன்?

டைனமோ:
தம்பி, முதலில் உமக்கு ஒரு கை. இந்தப் பாட்டுகளை விரும்பும் இன்னொரு ஆள் ஊரில் இருக்கிறார் என்று அறிந்ததே சந்தோசம்.

நான் ஜோன் பயஸைக் கேட்டது தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில். பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சில்லில் உரசும் டைனமோவில் இருந்து வயர் இழுத்துக் கசற் றெக்கோடரைப் பாட வைப்போம். டைனமோ தருவது ஏசி மின்சாரம் என்பதால் நாலு டயோட்டும் ஒரு பெரிய கப்பாசிற்றரும் போட்டால்தான் இரைச்சல் அடங்கும். சுற்றுகிறவன் களைத்தால் ஜோன் பயஸ் ஆண்குரலில் பாடத் தொடங்கிவிடுவார்! பிறகு யாராவது கத்த, அவன் வேகமாகச் சுற்ற, அம்மா மறுபடியும் உச்சத்துக்குப் போவார். அவருடைய உண்மையான சுருதி எது என்பது எனக்கு வெகுகாலம் பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. உரும்பிராயில் இருந்துகொண்டு டிலனிலும் ட்ரேக்கிலும் தொடங்குகிறீர். உங்கள் ஊர் நித்தி கனகரத்தினத்தை விட்டுவிட்டீரே? கிற்றாரைத் தூக்கிக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடியவர். சின்ன மாமியையும் கள்ளுக்கடையையும் தெரியாதவர் எங்கள் தலைமுறையில் இல்லை. பொப்பிசை என்று பெயர் வைத்ததால் அதை வேறு பெட்டிக்குள் போட்டுவிட்டோம். தானே எழுதித் தானே பாடுகிறவர் என்ற வரிசையை எங்கள் பக்கம் தொடங்கினால் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

வடலிக்காற்று:
டைனமோ அண்ணை, அவருடைய பாட்டுகள் கலியாண வீட்டில் ஆடுகிற பாட்டாகத்தான் என் காதில் இருந்தன. இப்போது சொல்லைக் கவனித்துக் கேட்கிறேன். பகிடி போலத் தொடங்கிக் கள்ளுக்கு எதிராக முடிகிறது. கெட்டித்தனம்தான்.

சல்லாரி:
பாசையூர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை கூத்து. நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டுப் பாடுகிறேன், கோவிக்க வேண்டாம்.

எங்கள் கரையோரத்துத் தென்மோடிக் கூத்தில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தரு என்ற பாட்டை எடுத்துக் கொடுப்பார், கூத்தர் பாடுவார், பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவார்கள். மைக் வரும் முன்னரே பிறந்த பாட்டு. கடல் இரைச்சலையும் சனத்தின் இரைச்சலையும் தாண்டிக் கடைசி வரிசைப் பாயில் இருக்கிற கிழவிக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் திறந்து பாடுவது. நீங்கள் சொல்லும் ட்ரேக்கின் பாட்டு நேர்மாறு. அந்த மனுசன் சனத்துக்கு முன் பாடிய நாட்களே குறைவு. பாடியபோதும் சனம் கதைத்துக்கொண்டிருந்தது என்று வாசித்திருக்கிறேன். அது மைக்கிற்குக் கிட்ட வாயை வைத்துப் பாடும் பாட்டு. இரண்டும் 'நாட்டுப்புறம்' என்ற ஒரே பாயில் இருக்க முடியாது.

கோட்ஸ் போட்டால் ஏன் கெடுகிறது என்று கேட்டீர். எங்கள் மெட்டுக்கு அது தேவை இல்லை என்பதால்தான். வேறு காரணம் தேட வேண்டாம்.

இடக்கை:
சல்லாரி அண்ணை, தாலாட்டும் கிட்ட வாயை வைத்துப் பாடுகிற பாட்டுத்தானே? பிள்ளையின் காதுக்கு மட்டும்.

சல்லாரி:
அது சரி. தாலாட்டை விட்டுவிடுகிறேன். கூத்தைத் தொடாதேயுங்கோ.

ரொறன்ரோக் குளிர்:
புலம்பெயர்ந்தவன், சாவகச்சேரிக்காரன். இந்த இழையில் ஒரு பகிடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஸ்காபரோ ஃபெயர்' பாட்டை இங்கே சொந்தக்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். "எங்கட ஸ்காபரோவிலயோ, எந்தக் கோயில் திருவிழா?" என்று கேட்டார். பாட்டில் வருவது இங்கிலாந்தில் யோக்சயர் கடலோரம் இருக்கும் ஸ்காபரோ. ரொறன்ரோவில் நம்மவர்கள் கடை போட்டிருக்கும் ஸ்காபரோ வேறு.

அந்தப் பாட்டின் கதையில் வடலிக்காற்றுக்குப் பதில் கொஞ்சம் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் போல் சைமன் 1965 அளவில் லண்டனில் இருந்தபோது மார்ட்டின் கார்த்தி என்ற பாடகரிடம் இதைக் கேட்டுப் படித்தார். கார்த்தி அந்தப் பழைய மெட்டுக்குக் கிற்றாரில் ஒரு பின்னல் போட்டிருந்தார். கோட்ஸை அடித்து மெட்டை மூடிவிடாமல், தனித்தனித் தந்தியாக மெட்டுக்குக் கீழே ஓடும் பின்னல். 1966-ல் சைமனும் கார்ஃபங்கலும் வெளியிட்ட தட்டில் கார்த்தியின் பெயரும் இல்லை, பழம்பாட்டு என்ற குறிப்பும் இல்லை. கார்த்திக்கு அந்த மனக்கசப்பு நெடுங்காலம் இருந்தது. 2000-ல் லண்டன் மேடையில் சைமனும் கார்த்தியும் சேர்ந்து அதைப் பாடினார்கள். டிலனும் அதே கார்த்தியிடம் கேட்டதை வைத்துத்தான் 'கேர்ள் ஃப்ரொம் த நோர்த் கன்ட்ரி'யைச் செய்தார்.

ஆக, பழம்பாட்டைத் தொட்டுக் கெடுக்காத வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சும்மா கோட்ஸ் அடித்தவர்கள் அல்ல. கார்த்தி போன்றவர்கள் கிற்றாரின் சுருதியையே மாற்றி வேலை செய்தார்கள். அந்த விசயம் தெரிந்த யாராவது விளக்குங்கள், எனக்குக் கேட்கத்தான் தெரியும்.

இரண்டு கட்டை:
நான் விளக்குகிறேன். மருதனார்மடத்தில் வாய்ப்பாட்டுப் படித்துவிட்டு, இப்போது பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறேன். கிற்றார் என் கள்ளக் காதல்.

வடலிக்காற்று போட்ட கோட்ஸ் எல்லாவற்றிலும் 'க' என்னும் காந்தாரமோ அதற்கு நிகரான ஒரு சுரமோ உறைந்து நிற்கிறது. டி மைனர் என்றால் சாதாரண காந்தாரம் அசையாமல் ஒலிக்கும். ஆனால் உங்கள் அம்மம்மா அந்தக் காந்தாரத்தை ஒரு இடத்தில் நிறுத்திப் பாடுவதில்லை, ஆட்டி ஆட்டித்தான் பாடுவார். ஆனந்தபைரவி, நீலாம்பரிச் சாயல் உள்ள எந்தத் தாலாட்டிலும் இது இருக்கும். குரல் ஆடுகிறது, கிற்றார் அசைய மறுக்கிறது. அந்த முறுகல்தான் உங்கள் காதில் சினிமாவாகக் கேட்கிறது.

இனி மருந்து. டேவி கிரகாம் என்ற ஆங்கிலேயக் கிற்றார்காரர் அறுபதுகளின் தொடக்கத்தில் மொறோக்கோவில் ஊத் வாத்தியக்காரர்களோடு சேர்ந்து வாசிக்க ஒரு வழி தேடினார். அவர்களுடைய இசையிலும் எங்களைப் போலவே கோட்ஸ் கிடையாது. அவர் ஆறாம் தந்தி, இரண்டாம் தந்தி, முதலாம் தந்தி மூன்றையும் ஒவ்வொரு முழுச்சுரம் இறக்கினார். தடித்த தந்தியில் இருந்து சொன்னால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. பிறகு வந்த ஃபோக் கலைஞர்கள் பலர் இதையே பிடித்துக்கொண்டார்கள்.

டி-யை சட்ஜமாக வைத்து இதைச் சுரத்தில் எழுதிப் பாருங்கள்: ச ப ச ம ப ச. காந்தாரமே இல்லை! தம்புராவுக்குக் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை. கீழே மூன்று தந்திகளைப் பெருவிரல் மெல்ல மீட்டிக்கொண்டிருக்க, பாட்டின் சுரங்களை மேல் தந்திகளில் குரலோடு சேர்த்தோ குரலுக்குப் பின்னாலோ தொடலாம். காந்தாரத்தை எப்படி ஆட்டுவது என்பது பாடுகிறவரின் சுதந்திரம். பிரதி மத்தியமம் வரும் பாட்டென்றால் அந்த மூன்றாம் தந்தி இடிக்கும், அதை மட்டும் தொடாமல் விடுங்கள்.

டி என்பது பாடகர் சுருதிக் கணக்கில் இரண்டு கட்டை. அம்மம்மா நாலு கட்டையில் பாடுகிறார் என்றால் மூன்றாம் கட்டத்தில், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் பூட்டுங்கள். ஐந்து கட்டைக்கு ஐந்தாம் கட்டம்.

சல்லாரி:
தம்புரா என்று சொல்லிக் கிற்றாரை வீட்டுக்குள் கூட்டி வருகிறீர்கள். சரி, வரட்டும். ஆனால் தாளம்? அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. விருத்தம் பாடும்போது சொல்லின் நெடிலுக்கு ஏற்ற மாதிரி நிற்போம், ஓடுவோம். கிற்றார்காரன் ஒன்று இரண்டு மூன்று நாலு என்று அடித்துக்கொண்டிருந்தால் பாடுகிறவன் அவனுக்குப் பின்னால் ஓட வேண்டும். தமிழில் குறிலை இழுத்து நெடிலைக் குறுக்கினால் காதுக்கு எவ்வளவு அசிங்கம்.

டைனமோ:
சல்லாரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமெரிக்கப் பாடகர் வுடி கத்ரியையும் தொடக்க கால டிலனையும் கேட்டுப் பாரும். சொல் முடியும் மட்டும் ஒரே கோட்ஸில் நின்று கொண்டிருப்பார்கள். ஒரு வரிக்கு நாலு அடி, அடுத்ததற்கு ஆறு அடி. பின்னால் வாத்தியக்குழு இல்லாததால் யாரும் அவர்களைக் கேள்வி கேட்க முடியாது. தனி ஆள், தனிக் கிற்றார் என்பதன் ஆதாயமே அதுதான். உங்கள் விருத்தத்துக்குப் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். டிரம்ஸ் மெஷினைப் போட்டால் மட்டும் நானும் உங்களோடு சேர்ந்து சண்டைக்கு வருவேன்.

அப்புறம், ஆர்மோனியம் எங்கள் சொத்தா? ஐரோப்பியப் பெட்டி. காத்தவராயன் கூத்தில் உடுக்குக்குப் பக்கத்தில் அதைச் சப்பாணி கட்டி இருத்தி வைத்திருக்கிறோம். எங்கள் நாடகக் கலைஞர் வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டத்தை ஆர்மோனியம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா?

சல்லாரி:
ஆர்மோனியத்தைப் பற்றி என் அப்பப்பா என்ன சொன்னார் என்று எழுதினால் நிர்வாகி இந்த இழையைப் பூட்டிவிடுவார்.

இடக்கை:
நான் இடையில் வேறு ஒன்று கேட்கலாமா? நான் இடக்கைக்காரி. யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் கேட்டாலும் இடக்கைக் கிற்றார் இல்லை. கொழும்பில் சொல்லி எடுக்கலாம் என்றால் விலை தலைசுற்றுகிறது. வகுப்பில் "வலக்கையால் பழகும், எல்லாம் சரிவரும்" என்றார்கள். சரிவரவில்லை. ஜோனி மிச்சல் பாட்டுகளைப் பழக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அவர் போடும் கோட்ஸ் எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் கை கோணுகிறது.

டைனமோ:
தங்கச்சி, எலிசபெத் கொட்டனைத் தேடிக் கேளும். 1893-ல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். இடக்கைக்காரி. வீட்டில் இருந்த வலக்கை வாத்தியத்தைத் தந்தி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். தடித்த தந்திகள் கீழே போய்விட்டதால் பெருவிரல் மெட்டை வாசிக்கும், மற்ற விரல்கள் பாஸ் தந்திகளை வாசிக்கும். எல்லாரும் செய்வதற்கு முழுத் தலைகீழ். அந்தச் சத்தம் வேறு யாருக்கும் வராது.

அவர் 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பாட்டைக் கட்டியது சிறுமியாக இருந்தபோது. பிறகு பல பத்தாண்டுகள் கிற்றாரைத் தொடவில்லை. கடை ஒன்றில் வேலை செய்தபோது தாயைத் தவறவிட்ட ஒரு பிள்ளையைக் கண்டு தாயிடம் சேர்த்தார். பிள்ளை பெகி சீகர், பின்னாளில் பாடகி. அந்த வீட்டிலேயே வேலைக்குப் போனார். இசைக்காரக் குடும்பம், சுவரில் கிற்றார் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வாசித்துப் பார்த்தார். முதல் தட்டு 1958-ல் வந்தது, அப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். கிராமி விருது வாங்கியது தொண்ணூறு வயதுக்குப் பிறகு.

இரண்டு கட்டை:
இடக்கைக்கு இன்னொரு வழியும் உண்டு. தந்திகளை மாற்றிப் பூட்டுவது. ஸ்டீல் தந்திக் கிற்றாரில் இது தொல்லை. மேலே கழுத்து நுனியில் தந்திகள் தங்கும் துண்டான நட்டின் வெட்டுகள் ஒவ்வொரு தந்தியின் தடிப்புக்கும் ஏற்ப வெட்டப்பட்டவை, தடித்த தந்தி மெல்லிய வெட்டுக்குள் இறங்காது. கீழே பாலத்தில் தந்திகள் தங்கும் எலும்பும் சாய்வாக இருக்கும், தந்திகளை மாற்றினால் மேலே போகப் போகச் சுருதி விலகும். நைலோன் தந்திக் கிற்றாரில் அந்த எலும்பு பெரும்பாலும் நேராக இருப்பதால் நட்டை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். ஒன்று, நைலோன் கிற்றாரில் மறந்தும் ஸ்டீல் தந்தி பூட்டாதீர்கள். இழுவை தாங்காமல் பாலம் கழன்று வரும்.

ஜோனி மிச்சல் விசயத்தில் உங்கள் கையில் பிழை இல்லை. சிறுவயதில் அவருக்குப் போலியோ வந்து இடக்கை பலவீனமாகிவிட்டது. சாதாரணக் கோட்ஸைப் பிடிக்கக் கஷ்டப்பட்டதால்தான் தந்திகளையே வேறு வேறு விதமாகச் சுருதி சேர்த்து, ஒன்றிரண்டு விரலால் பிடிக்கும்படி அமைத்துக்கொண்டார். 1971-ல் வந்த 'ப்ளூ' தட்டில் அந்த வேலை நிறைய. சாதாரணச் சுருதியில் அவற்றைப் பிடிக்கப் போனால் யாருக்கும் கை கோணும்.

ரொறன்ரோக் குளிர்:
கொட்டனின் கதையில் ஒரு கறுப்புப் புள்ளியும் உண்டு. பெகி சீகர் ஐம்பதுகளில் அந்தப் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டு போய்ப் பாட, அங்கே இரண்டு பேர் அதைத் தங்கள் பெயரில் பதிந்துவிட்டார்கள். 1957-ல் அது அங்கே பெரிய வெற்றி. எழுதிய அம்மா அப்போதும் வீட்டுவேலை. உரிமையை மீட்கப் பிறகு பாடுபட வேண்டி வந்தது.

அதைவிடக் கொடுமை தென்னாபிரிக்காவின் சொலமன் லிண்டா. 1939-ல் ஜொகனஸ்பேர்க்கில் 'ம்பூபே' பாடினார். கையில் கிடைத்தது பத்து ஷில்லிங். அது அமெரிக்காவுக்குப் போய், பீற் சீகரின் குழு பாடி, பிறகு சிங்கம் தூங்கும் பாட்டாகி உலகம் முழுக்கப் பணம் பண்ணியது. லிண்டா 1962-ல் ஏழையாகச் செத்தார். குடும்பத்துக்கு ஒரு தீர்வு வந்தது 2006-ல்.

ஆகவே வடலிக்காற்று தம்பி, பதிவில் 'பாரம்பரியப் பாடல்' என்று மட்டும் போட்டுவிடாதேயும். அம்மம்மாவின் பெயரைப் போடும். அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் போடும்.

சல்லாரி:
இதற்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். எங்கள் கூத்துப் பிரதிகளில் புலவர் பெயர் இருக்கும், ஆடிய ஆட்களின் பெயரும் ஊரில் நினைவிருக்கும். யாராவது வந்து பதிவு செய்து கொண்டுபோனால் வெளியே வரும்போது 'யாழ்ப்பாணத்து மீனவர் பாடல்' என்று ஒரு வரி. பாடியவரின் மகன் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறான், அவனுக்கு ஒரு கொப்பியும் வராது. எங்கள் வீட்டிலும் அது நடந்தது. யார் என்று இங்கே சொல்ல விருப்பமில்லை.

டைனமோ:
பதிவின் உரிமையும் மெட்டின் உரிமையும் வேறு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெட்டை இரவல் வாங்குவது இரண்டு பக்கமும் வழக்கம்தான். கத்ரி 1940-ல் எழுதிய 'திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்' பாட்டின் மெட்டு காட்டர் குடும்பம் என்ற பாட்டுக்குழு பாடிய ஒரு பக்திப் பாட்டில் இருந்து வந்தது. எங்கள் பழைய பாட்டுப் புத்தகங்களில் தலைப்புக்குக் கீழே இன்ன பாட்டின் மெட்டு என்று நேர்மையாக அச்சடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் அமெரிக்காவில் பாதி வழக்கு இருந்திருக்காது.

காலத்தைப் பாருங்கோ. அமெரிக்காவின் நியூபோர்ட்டில் முதல் ஃபோக் விழா 1959-ல். டிலன் அங்கே மின் கிற்றாரோடு ஏறிச் சனத்தை இரண்டாகப் பிரித்தது 1965-ல். அதே ஆண்டுகளில்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த வித்தியானந்தன் கூத்தைக் கிராமத்தில் இருந்து மேடைக்குக் கொண்டுவந்தார். 1962-ல் கர்ணன் போர், 1964-ல் இராவணேசன். விடிய விடிய ஆடுவதைச் சில மணித்தியாலமாகச் சுருக்கியது சரியா பிழையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. டிலன் செய்தது சரியா என்ற சண்டையும் ஓயவில்லை.

சல்லாரி:
சுருக்கியது பிழை. அடுத்தது?

வடலிக்காற்று:
இரண்டு கட்டை ரீச்சர் சொன்னபடி சுருதி சேர்த்தேன். முதலில் ஆறாம் தந்தி தொளதொளத்துக் கட்டங்களின் கம்பிகளில் அடித்தது. பத்தாம் தடிப்பில் தொடங்கும் மெல்லிய தந்திச் செற் போட்டிருந்தேன், பன்னிரண்டுக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. கேப்போ மூன்றாம் கட்டத்தில். அம்மம்மாவை முன்னால் இருத்திவிட்டு மூன்று தந்தியை மட்டும் மீட்டினேன். அவர் தானாகவே பாடத் தொடங்கிவிட்டார்! கோட்ஸ் போட்ட நாட்களில் "நீ முதல்ல பாடு" என்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் புதுச் சிக்கல். தனியாகப் பாடிப் பழகியவர் என்பதால் மூன்றாம் சரணம் வரும்போது அரைக்கட்டை ஏறிவிடுகிறார். கிற்றார் கீழே நிற்கிறது.

பாட்டை அவர் கைதடியில் இருந்த தன் சின்னம்மாவிடம் கேட்டதாம். அந்தப் பெயரையும் எழுதி வைத்துவிட்டேன்.

இரண்டு கட்டை:
அதைத் திருத்தப் போகாதீர்கள். ஏறுவது அவருடைய இயல்பு. கிற்றார் இல்லாமல் அவரைத் தனியாகப் பதிந்து வையுங்கள், அதுதான் மூலப் பதிவு. பிறகு நீங்கள் பாடும் பதிவில் மட்டும் கிற்றாரைச் சேருங்கள். ட்ரேக்கின் 'பிங்க் மூன்' முழுத் தட்டும் இரண்டு இரவில் முடிந்தது. கிற்றார், குரல், ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. நீங்களும் சாமானைக் கூட்டாமல் பாருங்கள். மின்விசிறியை நிறுத்தி வையுங்கள், எவ்வளவு வேர்த்தாலும். வாசித்து முடிந்ததும் தந்தியை உலர்ந்த துணியால் துடையுங்கள், எங்கள் உப்புக் காற்றில் மறந்துவிட்டால் துருப்பிடித்துவிடும்.

சல்லாரி:
மூன்றாம் சரணத்தில் கிற்றாரை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் விடும். எங்கள் கூத்தில் மத்தளம் நிற்கிற இடத்தில்தான் சனம் நிமிர்ந்து இருக்கும்.

வடலிக்காற்று:
அண்ணை, கிற்றார்ப் பாட்டுக்கு யோசனை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டீர்கள்.

சல்லாரி:
கிற்றாரை நிறுத்தச் சொன்னதுதானே என் யோசனை.

இடக்கை:
கொட்டனைக் கேட்டேன், கிற்றாரைத் திருப்பியும் பிடித்தேன். சுட்டுவிரலால் பாஸ், பெருவிரலால் மெட்டு. மெதுவாக வாசித்தால் வருகிறது, வேகம் கூட்டினால் இரண்டும் சிக்கிக்கொள்கிறது. நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியில்தான் பழகுகிறேன், கோட்ஸ் சுலபம் என்பதால். ரீச்சர், நைலோன் கிற்றாருக்கு நட்டு வெட்டித் தரக்கூடிய ஆள் யாழ்ப்பாணத் திருநெல்வேலிப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? இல்லாவிட்டால் மாட்டு எலும்பை வாங்கி நானே அராவிப் பார்க்கப் போகிறேன்.